தண்டுவடக் காயம்: டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யணும்? திண்ணை வீடு முதல் யூரின் டியூப் வரை... முழு விவரம்!

பைக் விபத்து, மாடியில் இருந்து விழுதல், தென்னை மரத்தில் இருந்து விழுதல், ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்தல். தண்டுவடம் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆம்புலன்ஸ், ஸ்கேன், ஆபரேஷன், ஐசியூ என்று முதல் சில வாரங்கள் ஓடிவிடும். பிறகு ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர், 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்' என்பார்.

இங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது.

உலகம் முழுவதும் 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பணக்கார நாடுகளில் படுக்கைப்புண், தொற்று போன்ற தடுக்கக்கூடிய பிரச்னைகளால் இவர்கள் இறப்பது இப்போது பெரிய காரணமாக இல்லை. ஏழை நாடுகளில் இன்றும் அதுதான் முக்கியக் காரணம் என்றும் அதே அமைப்பு குறிப்பிடுகிறது. அதாவது எலும்பு முறிவில் தப்பித்தவர், வீட்டுக்கு வந்த பிறகு புண்ணாலோ யூரின் தொற்றாலோ இறந்து போகிறார். இரண்டையும் தடுக்கும் வேலை, டாக்டரைவிட வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளாமலேயே பல குடும்பங்கள் டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போட்டு விடுகின்றன.

புதுச்சேரியில் இருந்து, அல்லது புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை முடிந்து பக்கத்து ஊர்களுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்கணும்? பார்க்கலாம்.

தண்டுவடம் அடிபட்டால் உடம்பில் என்ன நடக்கும்?

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. எலும்புக் கோவைக்கு உள்ளே ஓடும் நரம்புக் கயிறுதான் தண்டுவடம். எலும்பைத் தகடு, ஸ்க்ரூ வைத்துச் சேர்க்கலாம். நசுங்கிய நரம்பை அப்படிச் சேர்க்க முடியாது. கழுத்தில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கும். மார்பு, இடுப்புப் பகுதியில் அடிபட்டால் கால்கள் பாதிக்கும்.

வெளியில் தெரிவது நடக்க முடியாததுதான். அதைவிடக் கவனிக்க வேண்டியவை வெளியில் தெரியாது. தொடு உணர்ச்சி போய்விடும், சிறுநீர் முட்டுவது தெரியாது, மலம் கழிக்கும் கட்டுப்பாடு இருக்காது, காயத்துக்குக் கீழே வியர்வைகூடச் சரியாக வராது. 'எப்போ நடப்பார்?' என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. காயம் முழுமையானதா, பகுதியளவா என்பதைப் பொறுத்தே பதில் அமையும். திரும்பக் கிடைக்கும் அசைவில் பெரும்பகுதி முதல் 6 முதல் 9 மாதங்களுக்குள் கிடைத்துவிடும், அதன்பிறகு வேகம் குறையும் என்பது மருத்துவ அனுபவம். அந்த மாதங்களைப் படுக்கைப்புண்ணோடு கழித்தால் பிசியோதெரபி செய்யவே முடியாது. இழப்பு இரட்டிப்பாகும்.

புதுச்சேரி கடலில் தொடங்கிய ஒரு கதை

1998 ஜூலை. கல்லூரிச் சுற்றுலாவுக்காகப் புதுச்சேரி வந்திருந்தார் 18 வயது ப்ரீத்தி சீனிவாசன். தமிழ்நாடு 19 வயதுக்கு உட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணியின் கேப்டன், நீச்சலிலும் கெட்டிக்காரர். திரும்பும் வழியில் நண்பர்களோடு கடலில் இறங்கியபோது, தொடையளவு தண்ணீரில் அலை காலடி மணலை அரிக்க, தடுமாறித் தண்ணீருக்குள் பாய்ந்தார். அந்த நொடியில் கழுத்துக்குக் கீழே அசைவு போனது. பெரிய அலை, சுழல் எதுவும் இல்லை. பீச்சுக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அதன்பிறகு அவரை வீட்டில் பார்த்துக்கொண்டது அப்பாவும் அம்மாவும்தான். 2007ல் அப்பா இறந்தார். அடுத்துப் பராமரிப்பது யார் என்ற கேள்வி வந்தபோது, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பெண்களுக்கு நீண்டகாலப் பராமரிப்பு தரும் இடம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் 2013ல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அறக்கட்டளையைத் தொடங்கினார். 2017ல் தமிழ்நாடு அரசின் கல்பனா சாவ்லா விருதும் கிடைத்தது.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போவது எளிது. ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எத்தனை பேரின் முதுகில் ஏறி நிற்கும் வேலை என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்க வேண்டியது எது?

பயிற்சி. மருந்துச் சீட்டைவிட இதுதான் முக்கியம்.

புரட்டிப் படுக்க வைப்பது, கட்டிலில் இருந்து வீல்சேருக்கு மாற்றுவது, யூரின் டியூப் போடுவது, மலம் எடுக்க வைப்பது, தோலைப் பரிசோதிப்பது. இந்த ஐந்தையும் நர்ஸ் அல்லது பிசியோ முன்னால் குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேர் செய்து பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே தடுமாறிப் போகும்.

நேராக வீட்டுக்குப் போவதைவிட, முடிந்தால் சில வாரங்கள் மறுவாழ்வுச் சிகிச்சையில் இருந்துவிட்டுப் போவது நல்லது. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் இதற்கென்றே 'பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிட்டேஷன்' துறை இருக்கிறது. நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ எலும்பு சிகிச்சைப் பிரிவிலோ இருப்பவர்கள், அந்தத் துறைக்கு ரெஃபர் செய்யச் சொல்லிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மையமும் இதற்குப் பெயர் பெற்றது.

பாகாயம் மையத்துக்குப் பின்னால் ஒரு டாக்டரின் வாழ்க்கையே இருக்கிறது. 1954ல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பிறகு நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத்தை வேலூரில் வேரூன்ற வைத்தார். 1966ல் பாகாயம் மையம் வந்தது. 1972ல் பத்மஸ்ரீ. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கி, பராமரிப்பைக் கற்றுக்கொண்டு போவது அங்கு சிகிச்சையின் ஒரு பகுதி.

படுக்கைப்புண்: வலிக்காது, அதுதான் ஆபத்து!

நமக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் நெளிவோம். உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த நெளிவு வராது. அழுத்தம் விழும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, இரண்டு மணி நேரத்திலேயே தோல் சேதமாகத் தொடங்கலாம். புட்டம், வால் எலும்பு, இடுப்பின் இரு பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகியவைதான் முதலில் பாதிக்கும் இடங்கள்.

1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், தண்டுவடம் அடிபட்ட ராணுவ வீரர்களை இரவு, பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொன்னார். அதற்கு முன் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோவதுதான் வழக்கம். புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. புரட்டியதும், மூத்திரப் பையைக் கவனித்ததும்தான் கணக்கை மாற்றியது. அங்கு 1948ல் அவர் நடத்திய வீல்சேர் விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆனது.

வீட்டிலும் அதே விதிதான். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றணும். இரவில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். நல்ல மெத்தை இருந்து, தோலும் தாங்கினால், இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டலாம். ஆனால் அதை டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பை முன்னால் சாய்த்து, புட்டத்தின் மேல் இருக்கும் எடையை ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கணும். கையை ஊன்றி சட்டென்று எழும்பி உட்கார்வது போதாது. அந்தச் சில நொடிகளில் ரத்த ஓட்டம் திரும்பி வராது.

காலையும் இரவும் தோலைப் பார்க்கணும். செல்போன் கேமராவே போதும். பாதிக்கப்பட்டவரே பார்த்துக்கொள்ளவும் முடியும். சிவந்த அல்லது கறுத்த இடத்தை விரலால் அழுத்தி விட்டால் நிறம் மாறாமல் அப்படியே இருந்தால், அந்த இடத்தில் எடையே படக்கூடாது. சிவப்பு மறையும் வரை அந்தப் பக்கம் படுக்கவும் கூடாது, உட்காரவும் கூடாது. அதை அழுத்தித் தேய்ப்பது இன்னும் கெடுதல்.

காற்றடைத்த வளையம் போன்ற டியூபை வாங்கி அதன்மேல் உட்கார வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கு. அதன் விளிம்பிலேயே அழுத்தம் கூடி புண்ணை வரவைக்கும். வேண்டாம். ஏர் பெட் நல்லதுதான், ஆனா ஏர் பெட் இருக்குன்னு புரட்டாம விட்டுடக் கூடாது.

யூரின் விஷயத்தில் செய்யும் தவறுகள்

மூத்திரப் பை நிரம்புவது தெரியாது, நிரம்பினாலும் முழுசாக வெளியேறாது. உள்ளேயே தேங்கினால் தொற்று வரும். அழுத்தம் கூடினால் சிறுநீர் மேல்நோக்கிப் போய் கிட்னியைக் கெடுக்கும். அதனால்தான் தண்டுவடக் காயத்தில் கிட்னியைக் காப்பது வாழ்நாள் வேலை.

ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக ஒரு டியூபும் பையும் போட்டு அனுப்பியிருப்பார்கள். சிலருக்கு அதுதான் ஒரே வழி. ஆனால் கை நன்றாக வேலை செய்பவர்களில் பலருக்கு இதைவிட நல்ல வழி, தேவைப்படும்போது மட்டும் மெல்லிய டியூபைப் போட்டு சிறுநீரை எடுத்துவிட்டு உடனே டியூபை வெளியே எடுத்துவிடுவது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லியைத் தாண்டாத அளவில். 1972ல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாப்பிடஸ் இந்த முறையை முன்வைத்தபோது, ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமிநீக்கம் வேண்டாம், சோப்பால் கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும் என்றார். இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் தேர்வு. இது உங்களுக்குப் பொருந்துமா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள்.

பையோடு இருப்பவர்கள், அதை எப்போதும் மூத்திரப் பையைவிடத் தாழ்வாகத் தொங்கவிடணும். வீல்சேரில் ஏற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைக்கும் வழக்கம் இருக்கு, அப்படி வைத்தால் பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். தரையில் போடவும் கூடாது. டியூப் மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சிறுநீர் கலங்கலாக இருந்தாலே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக்கூடாது. டியூப் போடுபவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், குளிர், உடல் சோர்வு, கால் துடிப்பு திடீரென்று கூடுதல், வழக்கத்தைவிட அதிகக் கசிவு போன்ற அறிகுறிகள் சேர்ந்தால்தான் அது தொற்று. தேவையில்லாமல் மாத்திரை போட்டால், நிஜமாகவே தொற்று வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

மலம் கழிப்பதற்கு ஒரே நேரத்தைப் பழக்குவதுதான் வைத்தியம். தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, சாப்பிட்டு அல்லது சூடாக ஏதாவது குடித்து அரைமணி நேரம் கழித்து, டாக்டர் சொல்லியிருந்தால் ஆசனவாயில் வைக்கும் மருந்தோடு. முதல் சில வாரம் தவறும், பிறகு குடல் பழகிக்கொள்ளும். வெல்டிங் கடையில் ஓட்டை வைத்துச் செய்யும் இரும்பு ஸ்டூலில் நேரடியாக உட்கார வைக்காதீர்கள். அதில் மெத்தை இருக்கணும், 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

தலைவலி வந்தா படுக்க வைக்கக் கூடாதா?

ஆமாம். இதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளணும்.

மார்பின் நடுப்பகுதி அல்லது அதற்கு மேல், மருத்துவ மொழியில் டி6 மட்டத்துக்கு மேல், காயம் உள்ளவர்களுக்குத் திடீரென ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து உண்டு. மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை, மூக்கடைப்பு. டியூப் மடங்கி சிறுநீர் அடைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மலச்சிக்கல், புண், இறுக்கமான உடை, ஏன், உள்வளர்ந்த கால் நகம்கூடக் காரணமாகலாம்.

உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிடுங்கள். பெல்ட், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கா, பை நிரம்பியிருக்கா என்று பாருங்கள். சில நிமிடங்களில் குறையவில்லை என்றால் 108. இவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சாதாரணமாகவே 90 முதல் 110க்குள் இருக்கும். அதனால் 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிதில்லை, இவர்களுக்கு அவசரம். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரலாம். இந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதி, லேமினேட் செய்து வீல்சேரிலேயே மாட்டி வைப்பது நல்லது. அவசரத்தில் பார்க்கும் எல்லா டாக்டருக்கும் இந்தப் பிரச்னை பழக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. படுத்தே இருந்தவரைத் திடீரென உட்கார வைத்தால் அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். அப்போது மட்டும் சாய்த்துப் படுக்க வைக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தலைவலி, வியர்வை என்றால் நிமிர்த்தணும். உட்கார்ந்ததும் கண் இருட்டினால் சாய்க்கணும்.

திண்ணை வீட்டுக்குள் வீல்சேர் போகுமா?

புதுச்சேரியின் பழைய தமிழர் பகுதி வீடுகளுக்கு அழகே தெருவைப் பார்த்த திண்ணைதான். வீல்சேருக்கு முதல் எதிரியும் அதுதான். சாய்தளம் போடும் கணக்கு எளிது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 18 அடி. வீதிக்குள் அவ்வளவு தூரம் நீட்ட முடியாது. கொத்தனார் 4 அடியில் ஒரு சரிவு போட்டுக் கொடுத்துவிடுவார், அதில் ஏற்றவும் முடியாது, இறக்கும்போது ஆளே முன்னால் கவிழ்ந்து விழுவார்.

வேறு வழிகள் இருக்கு. கொல்லைப்புற வாசல் தாழ்வாக இருந்தால் அதையே பிரதான வாசலாக்கலாம். வீட்டின் பக்கவாட்டில் சந்து இருந்தால் சாய்தளத்தை மடக்கி எல் வடிவில் போடலாம். எதுவும் இல்லை என்றால், வீல்சேரின் முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின் சக்கரத்தில் சாய்த்து, இரண்டு பேர் படிபடியாக மேலே இழுக்கும் முறையை பிசியோவிடம் கற்றுக்கொள்ளணும். உள்ளே முற்றத்தைச் சுற்றி இருக்கும் ஒற்றைப் படிக்கும் இதே பிரச்னைதான். அதற்கு ஒரு மரப்பலகைச் சரிவு போதும்.

லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்கள், டிஸ்சார்ஜுக்கு முன்பே தரைத்தள வீடு பார்ப்பது நல்லது. மாடியில் இருந்துவிட்டால், மாதக்கணக்கில் தெருவையே பார்க்காமல் போகும் நிலை வரும்.

கதவு 90 சென்டிமீட்டர், அதாவது 3 அடி அகலம் இருக்கணும். படுக்கையறைக் கதவு பெரும்பாலும் சரியாக இருக்கும், பாத்ரூம் கதவுதான் இரண்டடி, இரண்டரை அடி. சுவரை இடிக்க முடியாவிட்டால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டாலே சில அங்குலம் கூடும். வீல்சேர் முழுசாகத் திரும்ப 5 அடிக்கு 5 அடி இடம் வேணும். கட்டிலும் வீல்சேர் சீட்டும் ஒரே உயரத்தில் இருந்தால் மாறி உட்காருவது பாதி சுலபம். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். வழுவழுப்பாகத் தேய்த்த ஒரு பிளைவுட் பலகையைத் தச்சரிடம் செய்து வாங்கினால், இரண்டுக்கும் நடுவே பாலம் போல வைத்துச் சறுக்கிப் போகலாம்.

வீல்சேர் வாங்கும்போதும் கவனம். ஆஸ்பத்திரி வராண்டாவில் பார்க்கும் மடக்கு வீல்சேர், நோயாளியைப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு போகச் செய்தது. அதன் ரெக்சின் சீட் சில மாதங்களில் தொட்டில் போலத் தொய்ந்து உடம்பைக் கோணலாக்கும். தினமும் 8 மணி நேரம் உட்காருபவருக்கு இடுப்பு அகலத்துக்குப் பொருந்திய சீட், நல்ல குஷன், சரியான உயரத்தில் ஃபுட்ரெஸ்ட் வேணும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று சக்கரத்தின் பேரிங்கைச் சீக்கிரம் துரு ஏற்றும், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரை சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். வீல்சேரை நிம்மதியாக ஓட்டிப் பழக ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை.

கத்திரி வெயில், கார்த்திகைப் புயல்

கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு உடம்பு வியர்த்துக் குளிராது. மே மாதத்தில் தொற்று இல்லாமலேயே காய்ச்சல் அளவுக்குச் சூடு ஏறும். ஈரத்துணி, ஃபேன், நிழல். உணர்ச்சி இல்லாத காலில் சுடுதண்ணீர் ஒத்தடம், மடியில் சூடான டம்ளர், வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட், எல்லாமே தீக்காயம் தரும். குளிக்கும் தண்ணீரை உணர்ச்சி உள்ள கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றணும்.

2024 நவம்பர் 30ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீடுகளில் தண்ணீர் புகுந்தது, கரண்ட் போனது. கரண்ட் போனால் ஏர் பெட்டின் மோட்டார் நிற்கும், கொஞ்ச நேரத்தில் காற்று இறங்கி கட்டில் பலகையே உடம்பில் படும். அதனால் ஏர் பெட்டுக்கு அடியில் ஒரு நல்ல ஃபோம் மெத்தை இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தாலே இரண்டு வாரத்துக்கான டியூப், மாத்திரைகளை வாங்கி வையுங்கள். தெருவில் தண்ணீர் ஏறும் முன்பே இடம் மாறிவிடணும். ஏறிய பிறகு வீல்சேர் நகராது.

ஸ்டெம் செல், மசாஜ்: நம்பலாமா?

டிஸ்சார்ஜ் ஆன ஒரே மாதத்தில் யாராவது ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்று. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சையாகத் தருவது நெறிமுறைக்கு எதிரானது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. உண்மையான ஆய்வில் நோயாளியிடம் ஊசிக்குப் பணம் கேட்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் பணம் கேட்டால் அது வியாபாரம். நிலத்தை விற்று இதில் போடுவதைவிட, அதே பணத்தில் நல்ல வீல்சேரும் பாத்ரூமும் செய்துவிடலாம்.

எண்ணெய் தடவிவிடுவதில் தப்பில்லை. ஆனால் மடங்காத மூட்டைப் பலமாக மடக்குவது, மிதிப்பது கூடாது. அசைவில்லாத காலின் எலும்பு பலவீனமாகிவிடும், முறிந்தாலும் வலி தெரியாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம். தடவிவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

மனைவி அல்லது அம்மா. பெரும்பாலான வீடுகளில் பராமரிப்பவர் இவர்களில் ஒருவர்தான். இரவில் தூக்கம் இல்லை, வேலையை விட்டிருப்பார், தூக்கித் தூக்கி இடுப்பும் போயிருக்கும். இதை 'கடமை' என்று சொல்லி முடித்துவிடுவது நம்ம ஊர் வழக்கம். வாரத்தில் ஒருநாளாவது வேறொருவர் அந்த ஷிப்ட்டை எடுக்கணும், அது அண்ணனாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் சரி. தூக்கும்போது தனியாளாக அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், உடம்புக்கு அடியில் ஒரு விரிப்பைப் போட்டு இரண்டு பேராகத் தூக்கணும்.

அடிபட்டவருக்கு முதல் ஆண்டில் மனச்சோர்வு வருவது இயல்பு. சாப்பாட்டை மறுப்பது, புரட்ட விடாமல் தடுப்பது, யாரையும் பார்க்க மறுப்பது எல்லாம் பிடிவாதம் போலத் தெரியும், சோர்வாகவும் இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், பராமரிப்பவரும் பேசலாம்.

யாரும் கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயம்: தாம்பத்தியம். அது முடிந்துபோன கதை இல்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்கவும் முடியும். ஆண்களுக்கும் மருந்து, சிகிச்சை உண்டு. மறுவாழ்வு மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம், அவர்களுக்கு இது வழக்கமான கேள்வி.

எந்த ஊர் அலுவலகத்துக்குப் போகணும்?

ஜிப்மரில் இருந்து கூப்பிடு தூரத்தில் தமிழ்நாடு ஆரம்பித்துவிடும். சிகிச்சை புதுச்சேரியில் என்றாலும், உதவித்தொகை எங்கே என்பதை ஆதார், ரேஷன் கார்டு முகவரிதான் முடிவு செய்யும். புதுச்சேரிக்காரர்கள் சமூக நலத்துறைக்கும், விழுப்புரம், கடலூர்க்காரர்கள் தங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் போகணும். தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கென்று பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் தருகிறார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. நிலைமை ஓரளவு நிலைத்த பிறகே பாதிப்பின் சதவீதத்தை மதிப்பிடுவார்கள், ஆனால் விண்ணப்ப வேலையை முன்பே தொடங்கிவிடலாம்.

சாலை விபத்து என்றால் நேரம் முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போடணும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போனது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்பது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உதாரணமாக, சான்றிதழில் 70 சதவீதம் என்றிருந்தாலும், ஒரு கொத்தனாருக்கு வருமானம் முழுசாகவே போயிருக்கலாம். பராமரிப்பாளர் செலவு, எதிர்கால மருத்துவச் செலவு, வீட்டை மாற்றிய செலவு எல்லாவற்றையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை நேரத்தில் அடிபட்டு, இஎஸ்ஐ இருந்தால் ஊனத்துக்கான பலன் தனியாக உண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று நகல் எடுத்து, ஒன்றைப் போனிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் காயத்தின் மட்டம், முழுமையானதா இல்லையா என்ற விவரம் எழுதப்பட்டிருக்கா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். ரிவ்யூ தேதியில் காயத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது கிட்னி ஸ்கேனும் ரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.